புரோபயாடிக் பொடி போட்டால் இரண்டு லிட்டர் பால் கூடுமா?

கேள்வி இதுதான். புதுச்சேரி, பாகூர் பக்கம் ஒருவர் நாலு கறவை மாடு வைத்திருக்கிறார், இரண்டு எச்எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு, இரண்டு ஜெர்சி கலப்பு. கூடவே கொஞ்சம் வெள்ளாடு, இன்குபேட்டரில் பொரித்த நாட்டுக்கோழிக் குஞ்சுகள். தீவனக் கடைக்கு வரும் கம்பெனி ஆள் ஒரு புரோபயாடிக் பொடியை, அதாவது நன்மை செய்யும் நுண்ணுயிர் கலந்த பொடியை, காட்டி, தினம் ஒரு கரண்டி போட்டால் மாட்டுக்கு இரண்டு லிட்டர் பால் கூடும், ஆடு சீக்கிரம் எடை ஏறும், குஞ்சு சாகாது என்கிறாராம். பக்கத்து வீட்டுப் பெரியவர், அதெல்லாம் எதற்கு, தயிரைக் கரைத்து ஊற்று என்கிறார். ஆரோவில்லில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் இஎம் என்ற நுண்ணுயிர்க் கரைசல் போதும் என்கிறார். மூன்றில் எது சரி?

மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சரி இருக்கிறது. ஆனால் இரண்டு லிட்டர் கதையை மட்டும் இப்போதே மறந்துவிடுங்கள். இப்படிப்பட்ட மாட்டுப் பொடிகளில் வரும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரைக் கறவை மாட்டுக்குக் கொடுத்துச் செய்த நிறைய சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்த ஆய்வு ஒன்று 2009-ல் வந்தது. அதில் சராசரியாகக் கிடைத்த கூடுதல் பால், மாட்டின் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம். உங்கள் மாடு 400 கிலோ என்றால் 480 கிராம், அதாவது அரை லிட்டர். சராசரி என்பதால் சில இடத்தில் கூடவும், சில இடத்தில் ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கும். பாக்கெட் விலையை அது வரும் நாட்களால் வகுத்து, அரை லிட்டர் பாலுக்கு உங்கள் சொசைட்டி கொடுக்கும் காசோடு ஒப்பிட்டுப் பாருங்கள், முடிவு நீங்களே எடுத்துவிடலாம். ஆனால் யாருக்கு அந்த அரை லிட்டர் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதில்தான் விஷயமே இருக்கிறது, அதனால் கொஞ்சம் உள்ளே போகிறேன்.

மாட்டின் முதல் வயிறு, டாக்டர்கள் ரூமன் என்பது, ஒரு கோபர் கேஸ் தொட்டி மாதிரி. காற்றில்லாத இடம், சூடு 39 டிகிரி பக்கம், உள்ளே சதா நொதித்துக்கொண்டே இருக்கும். கலப்பின மாடு ஒன்றில் 60, 80 லிட்டர் சரக்கு நிற்கும், அதில் ஒவ்வொரு மில்லிக்கும் ஆயிரம் கோடிக்குக் குறையாத பாக்டீரியா. வைக்கோலில் இருக்கும் நார்ச்சத்தை மாட்டால் நேரடியாகச் செரிக்க முடியாது, அதற்கான நொதியே அதன் உடம்பில் சுரப்பதில்லை. இந்தப் பாக்டீரியாக்கள்தான் நாரை உடைத்து அசிட்டிக், புரோபியானிக், பியூட்டிரிக் என்ற சின்னச் சின்ன அமிலங்களாக மாற்றுகின்றன. மாட்டுக்குக் கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய 70 சதவீதம் இந்த அமிலங்களிலிருந்துதான் வருகிறது. அப்புறம் இந்தப் பாக்டீரியாக்களே பின்வயிற்றுக்குப் போய்ச் செரிக்கப்பட்டு புரதமாகவும் ஆகிவிடுகின்றன. குடலுக்குப் போய்ச் சேரும் புரதத்தில் பாதிக்கு மேல் இப்படி வருவதுதான். ஆக நீங்கள் மாட்டுக்குத் தீவனம் போடுவதாக நினைத்துக்கொண்டு போடுவதெல்லாம் முதலில் இவர்களுக்குத்தான் போகிறது.

இப்போது பெரியவர் சொன்ன தயிருக்கு வருவோம். நல்ல தயிரில் மில்லிக்குப் பத்துக் கோடி பாக்டீரியா என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டரில் பத்தாயிரம் கோடி. பெரிய எண்தான். ஆனால் மாட்டின் வயிற்றில் ஏற்கனவே இருப்பது ஆறு கோடி கோடி. நீங்கள் ஊற்றியது ஆறாயிரத்தில் ஒரு பங்கு, அதுவும் அந்த இடத்துக்குப் பழக்கமில்லாத, பாலில் வளர்ந்த கூட்டம். வளர்ந்த மாட்டுக்குத் தயிர் ஊற்றினால் கெடுதல் பெரிதாக இல்லை, பலனும் இல்லை, தயிரை நீங்கள் சாப்பிடுங்கள். கன்றுக்கும் குஞ்சுக்கும் கணக்கு வேறு, கீழே சொல்கிறேன்.

அப்படியானால் ஈஸ்ட் பொடியில் இருப்பதும் நாளுக்கு ஓர் ஆயிரம் கோடி செல்தானே, தயிரைவிடக் குறைவாயிற்றே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஈஸ்ட் அங்கே போய்க் குடும்பம் நடத்துவதில்லை. ரூமனில் அது சரியாகப் பெருகாது, ஒன்றிரண்டு நாளில் வெளியே அடித்துப்போய்விடும், அதனால்தான் தினமும் போடச் சொல்கிறார்கள். அது செய்யும் வேலை வேறு. மாடு தின்னும்போதும் தண்ணீர் குடிக்கும்போதும் அசைபோடும்போதும் கொஞ்சம் காற்று உள்ளே போகும். நாரை உடைக்கும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் விஷம். ஈஸ்ட் அந்த ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். கூடவே சில வைட்டமின்களையும் கரிம அமிலங்களையும் விட்டுக்கொடுத்து, லாக்டிக் அமிலத்தைத் தின்னும் பாக்டீரியாக்களை ஊக்கும். அவ்வளவுதான். இருக்கிற ஆட்களுக்கு வேலை செய்ய வசதி பண்ணிக்கொடுக்கும். இருக்கிற ஆட்களே பட்டினி கிடந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

பட்டினி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பக்கம், கடலூரோ பாகூரோ, நிறைய வீட்டில் மாட்டுக்குக் கிடைப்பது நெல் வைக்கோல், தவிடு, கழுநீர், கறக்கும்போது ஒரு படி கலப்புத்தீவனம், அவ்வளவுதான். நெல்லிக்குப்பம் பக்கம் வெட்டு நடக்கும்போது கரும்புத் தோகை. வைக்கோலில் புரதம் மூன்று நாலு சதவீதம்தான் தேறும், மணல் போல சிலிக்கா வேறு. பாக்டீரியா பெருக நைட்ரஜன் வேண்டும், அது இல்லாதபோது நாரை உடைக்கும் வேகம் குறைந்து, வைக்கோல் வயிற்றிலேயே தேங்கி, மாடு தின்பதும் குறைந்துவிடும். இப்படிப்பட்ட மாட்டுக்குப் பொடி வாங்கிப் போடுவது காசைக் கொட்டுவது. அந்தக் காசில் கொல்லை ஓரம் நாலு சென்ட் கோ 5 கம்பு நேப்பியர் தீவனப்புல் கரணை ஊன்றுங்கள், வேலி ஓரம் வேலிமசால், அகத்தி வையுங்கள், தாது உப்புக் கலவை தினம் 50 கிராம் போடுங்கள். வைக்கோலை யூரியா தெளித்து ஊறவைத்துக் கொடுக்கும் முறையும் இருக்கிறது, 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியா, காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம். ஆனால் அளவு தப்பினால் மாடு செத்துப்போகும், கன்றுக்குக் கொடுக்கவே கூடாது. குரும்பாபேட்டில் இருக்கிற வேளாண் அறிவியல் நிலையத்திலோ கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ ஒருமுறை நேரில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சரி, ஈஸ்ட் யாருக்குத்தான் பலன் தரும்? பன்னிரண்டு, பதினைந்து லிட்டர் கறக்கும் மாடு, அதற்காக அடர்தீவனம் நிறையத் தின்னும் மாடு, அப்புறம் கன்று போட்டு முதல் இரண்டு மூன்று மாதத்தில் இருக்கும் மாடு. இவர்களுக்கு. மாவுச்சத்து நிறையப் போகும்போது ரூமனில் அமிலம் ஏறும். சாதாரணமாக பிஹெச் (இந்த எண் இறங்கினால் அமிலம் ஏறுகிறது என்று அர்த்தம்) 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்க வேண்டியது 5.5-க்குக் கீழே போனால் நார் உடைக்கும் கூட்டம் ஒடுங்கிப்போய், லாக்டிக் அமிலம் உண்டாக்கும் கூட்டம் தலையெடுக்கும். நோய் என்று வெளியே தெரியாது, மாடு நின்றுகொண்டுதான் இருக்கும். ஆனால் பாலில் கொழுப்பு இறங்கும், சொசைட்டியில் கொழுப்பையும் எஸ்என்எஃப்பையும் (கொழுப்பு போக மிச்சமுள்ள திடப்பொருள்) பார்த்துக் காசு போடும்போது உங்களுக்கு இடிக்கும். தண்ணீர் கலக்கவே இல்லையே, ஏன் விலை குறைந்தது என்று பால் ஊற்றுகிற இடத்தில் சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேர் வீட்டுக்கு வந்து சாணியைப் பார்த்திருந்தால் காரணம் தெரிந்திருக்கும்.

சாணியைப் பார்ப்பது என்றால் எப்படி என்றும் சொல்கிறேன், செலவில்லாத பரிசோதனை. இரண்டு கை அளவு புதுச் சாணியை மாவு சலிக்கும் பழைய சல்லடையில் போட்டு, குழாயடியில் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், தெளிந்த தண்ணீர் வரும்வரை. மிச்சம் நிற்பதைப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் நீளமான வைக்கோல் துண்டுகளும், உடையாத மக்காச்சோளம், பருத்திக்கொட்டைத் தோலும் நிறைய நின்றால் மேலே சரியாக நொதிக்கவில்லை என்று அர்த்தம். கழுவும்போது சளி மாதிரி, குழாய் வடிவில் ஏதாவது வந்தால் குடலில் அமிலம் அரித்திருக்கிறது. சாணி தரையில் வட்டமாக, நடுவில் லேசான குழியோடு நின்றால் நல்லது. நுரைத்து, சாம்பல் நிறத்தில், புளித்த வாடையோடு தெறித்தால் தீவனத்தைக் குறையுங்கள். இதோடு மாடு படுத்திருக்கும் நேரத்தில் ஒரு சுற்று போய்ப் பாருங்கள். படுத்திருக்கும் மாடுகளில் பாதிக்கு மேல் அசைபோட்டுக்கொண்டிருக்க வேண்டும். இடப்பக்கப் பள்ளத்தில் முஷ்டியை வைத்து அழுத்தினால் இரண்டு நிமிடத்தில் இரண்டு மூன்று தடவையாவது வயிறு உருண்டு கையைத் தள்ளும்.

வெயில்காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மே மாதம் எச்எஃப் கலப்பு மாடு வாயைத் திறந்து மூச்சிரைத்து எச்சில் ஒழுகவிடும். எச்சிலில் இருக்கும் பைகார்பனேட்தான் வயிற்று அமிலத்தை அடக்குவது, அது தரையில் கொட்டிப்போகிறது. வைக்கோலைக் குறைத்து, குளிர்ச்சியாக இருக்கும் ஊறவைத்த தீவனத்தை மட்டும் நக்கிக் குடிக்கும். இரண்டும் சேர்ந்து அமிலம் ஏறும். என் கணிப்பில் இந்த ஊர் மாட்டுக்கு ஈஸ்ட் மிகவும் உருப்படியாகப் பயன்படுவது ஏப்ரல் முதல் ஜூன் வரைதான். கூடவே வைக்கோலை இரவிலும் விடிகாலையிலும் போட வேண்டும்.

அதே மாதங்களில் பண்ருட்டிப் பக்கம் இன்னொரு கூத்து நடக்கும். பலாச் சீசன். மண்டிகளில் மலை மலையாகப் பலாத் தோலும் சடையும் அழுகின பழமும் சும்மா கிடக்கும், டிராக்டரில் ஏற்றிக்கொண்டுவந்து மாட்டுக்குக் கொட்டுவார்கள். மாடு ஆசையாகத் தின்னும், முழுக்கச் சர்க்கரை. பழக்கமில்லாத மாடு ஒரே நாளில் ஒரு கூடை தின்றால், மறுநாள் காலையில் வயிறு தளும்பிக்கொண்டு, கண் உள்ளே போய், தண்ணீராகக் கழிந்து, எழுந்திருக்க முடியாமல் கிடக்கும். மாட்டுப் பொங்கலன்று பாசத்தில் ஒரு குண்டான் பொங்கலை ஊட்டிவிட்டு, மறுநாள் டாக்டரைத் தேடி ஓடுவதும் இதே கதை. உள்ளே நடப்பது என்னவென்றால், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கூட்டம் சர்க்கரையைப் பார்த்ததும் சில மணி நேரத்தில் பலமடங்கு பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். அந்த அமிலத்தைத் தின்று தீர்க்கிற மெகாஸ்ஃபேரா என்ற பாக்டீரியா மெதுவாகத்தான் பெருகும். அது ஆள் சேர்ப்பதற்குள் காரியம் கெட்டுவிடும். இரண்டு மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் இதே பலாத் தோலை ஓரளவுக்கு மாடு தாங்கும், வயிற்றில் ஆள் பலம் மாறிவிட்டிருக்கும். எந்தத் தீவன மாற்றத்துக்கும் இந்த இரண்டு வாரக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள், எந்தப் பொடியைவிடவும் இது பெரிசு. படுத்துவிட்ட மாட்டுக்கு ஈஸ்ட் கரைத்து ஊற்றிக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

நல்ல நுண்ணுயிரைக் கொடுத்து மாட்டைத் தேற்றுவது கம்பெனிகள் கண்டுபிடித்த வித்தை என்று நினைக்க வேண்டாம். நன்றாக அசைபோடும் மாட்டின் வாயிலிருந்து அசை உருண்டையைப் பிடுங்கி, தின்னாமல் நிற்கும் மாட்டுக்குக் கொடுப்பது உலகத்தில் பல நாட்டுக் குடியானவர்கள் செய்துவந்த பழைய வழக்கம். இன்றைக்கும் டாக்டர்கள் வயிறு ஓய்ந்துபோன மாட்டுக்கு, அறுப்புக்கூடத்திலிருந்து ஆரோக்கியமான மாட்டின் ரூமன் நீரைச் சூடு ஆறாமல் வடிகட்டிக் கொண்டுவந்து, குழாய் வழியாகச் சில லிட்டர் ஏற்றுவது உண்டு. ஆன்டிபயாடிக் வாய்வழியாகக் கொடுத்து வயிறு செத்துப்போன மாட்டுக்கு இதற்கு இணையான மருந்து கிடையாது. கடைப் பாக்கெட்டில் நாலைந்து வகை நுண்ணுயிர் இருந்தால் அதிகம், அந்த நீரில் நூற்றுக்கணக்கான வகை உயிரோடு, ஒன்றோடொன்று பழகிய நிலையில் வருகின்றன.

உங்களிடம் ஆடு இருப்பதால் சவுண்டல் கதையையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. சவுண்டல் தழையில், சூபாபுல் என்றும் சொல்வார்கள், மைமோசின் என்று ஒரு நஞ்சு இருக்கிறது. நிறையத் தின்றால் முடி கொட்டும், தைராய்டு வீங்கும், எடை இறங்கும். ஆஸ்திரேலியாவில் இதனால் பெரிய தொல்லை. ஆனால் ஹவாயில் ஆடுகள் இதையே தின்று நன்றாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் இதைக் கவனித்து, ஹவாய் ஆட்டின் வயிற்றில் அந்த நஞ்சை உடைக்கும் பாக்டீரியா இருப்பதைக் காட்டினார். 1980-களில் அதை ஆஸ்திரேலிய மாடுகளுக்குக் கொடுத்தார்கள், அவையும் பிரச்சினை இல்லாமல் தின்ன ஆரம்பித்தன. ஒரு மாட்டுக்குக் கொடுத்தால் மந்தையில் மற்றதுக்கும் பரவிவிடும். 1992-ல் அந்தப் பாக்டீரியாவுக்கு அவர் பேரையே சேர்த்து சினர்ஜிஸ்டஸ் ஜோன்சியை என்று பெயர் வைத்தார்கள். குறிப்பிட்ட ஒரு வேலைக்குக் குறிப்பிட்ட ஒரு நுண்ணுயிர், ஒரு தடவை கொடுத்தால் போதும், தங்கிவிடும். இப்படிப்பட்ட சுத்தமான வெற்றிகள் இந்தத் துறையில் அதிகம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உங்கள் ஆடுகளுக்குச் சவுண்டல் தழை மொத்தப் பசுந்தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மேய்ந்துவரும் வளர்ந்த ஆட்டுக்குப் பொடி எதுவும் தேவையில்லை. மழைக்கு முன்னால் துள்ளுமாரி ஊசி, ஆட்டுக்கொல்லி ஊசி, குடற்புழு மருந்து, இந்த மூன்றையும் தவறவிடாதீர்கள். துள்ளுமாரியை எந்தப் புரோபயாடிக்கும் தடுக்காது.

கன்றுக்குத்தான் பொடிக்கான காசு நியாயமாகிறது. பிறந்த கன்றுக்கு ரூமன் வேலை செய்யாது, குடிக்கும் பால் ஒரு தனி வாய்க்கால் வழியாக நேரே நாலாவது வயிற்றுக்குப் போய்விடும். குடலில் இன்னும் யாரும் குடியேறவில்லை. யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு இடம். ஈரமான, சாணி மிதிபடும் தொழுவத்தில் பிறந்தால் ஈ.கோலை என்ற கழிச்சல் கிருமி முதலில் வரும், மழைக்காலக் கன்றுகள் வெள்ளையாகக் கழிந்து சாவது இதனால்தான். லாக்டோபேசில்லஸ் (பாலைப் புளிக்கவைக்கும் பாக்டீரியா) வகைப் பொடியை முதல் சில வாரம் பாலில் கலந்து கொடுத்தால் கழிச்சல் குறைகிறது என்று பல சோதனைகளில் வந்திருக்கிறது, அதுவும் சுத்தம் குறைவான தொழுவங்களில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும். கன்றுக்கு மட்டும் வீட்டு மோர், தயிர் கொஞ்சம் கொடுப்பதிலும் அர்த்தம் இருக்கிறது, புளிப்பு ஏறாததாக. ஆனால் இதெல்லாம் சீம்பாலுக்கு அப்புறம். 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர் சீம்பால், அதில் பாதியாவது பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருந்து கன்றைப் பட்டினி போடும் பழக்கம் இன்னும் நம் ஊரில் போகவில்லை. அது போனாலே பாதிக் கன்றுப் பொடிகளுக்கு வியாபாரம் படுத்துவிடும். கழியும் கன்று சாவது நீர் வற்றித்தான், உப்புச் சர்க்கரைக் கரைசல் முதலில், பொடி பிறகு.

மூன்றாவது வாரத்திலிருந்து கன்றுக்கு முன்னால் ஒரு பிடி கன்றுத் தீவனமும் கொஞ்சம் நல்ல புல்லும் வையுங்கள், மெல்ல ஆரம்பிக்கும். தீவனம் நொதித்து உண்டாகும் பியூட்டிரிக் அமிலம் பட்டுத்தான் ரூமன் சுவரே வளரும். பெரிய மாட்டுப் பக்கத்தில் கன்று இருந்தால் அது நக்கியும் முகர்ந்தும் ரூமன் நுண்ணுயிர்கள் தானாக வந்து சேரும்.

குஞ்சுகளுக்கு வருகிறேன். பின்லாந்தில் 1971-ல் கோழிகளில் சால்மோனெல்லா என்ற குடல் கிருமி பெரிய அளவில் பரவியது. நூர்மி, ரன்டாலா என்ற இரண்டு பேர், நல்ல வளர்ந்த கோழியின் குடல் சரக்கைக் கரைத்து ஒருநாள் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், சால்மோனெல்லா அவற்றைப் பிடிக்கவில்லை. 1973-ல் வெளியிட்டார்கள். குஞ்சுகளுக்கு நோயை எதிர்க்கும் சக்தி இல்லாமல் இல்லை, அவற்றின் குடல் காலியாக இருப்பதுதான் சிக்கல் என்று அதற்கப்புறம்தான் தெளிவானது. உங்கள் விஷயத்தில் இது நேராகப் பொருந்தும். அடை வைத்துப் பொரித்த குஞ்சு தாய்க்கோழியோடு குப்பையைக் கிளறி, அதன் எச்சத்தைக் கொத்தி, முதல் நாளிலேயே வேண்டிய நுண்ணுயிர்களை வாங்கிக்கொள்ளும். இன்குபேட்டர் குஞ்சுக்குத் தாய் கிடையாது. ஆகவே முதல் ஒரு வாரம், அப்புறம் தடுப்பூசி, இடமாற்றம், தீவன மாற்றம் வரும் நாட்களில் தண்ணீரில் புரோபயாடிக் கலந்து கொடுப்பது நல்ல யோசனை. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீராக இருந்தால் அகலமான பாத்திரத்தில் ஒரு இரவு திறந்துவைத்துவிட்டுக் கலக்குங்கள், இல்லையென்றால் போட்டதெல்லாம் செத்துப்போகும். அதே தண்ணீரில் ஆன்டிபயாடிக்கும் போட்டுவிட்டு இதையும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது ஒரு கையால் கொடுத்து மறுகையால் கொல்லும் வேலை. ஆன்டிபயாடிக் முடிந்த மறுநாளிலிருந்து கொடுங்கள். வெள்ளைக் கழிச்சலுக்கு ஊசியும் சொட்டு மருந்தும்தான் வழி, ரத்தக் கழிச்சலுக்குக் காய்ந்த தரைதான் முதல் வழி.

வெள்ளாடு வரை இந்தப் பொடிகள் ஏன் இப்போது திடீரென்று வருகின்றன என்றால், பின்னணியில் ஆன்டிபயாடிக் இருக்கிறது. கோழி வேகமாக எடை ஏறத் தீவனத்திலேயே கொஞ்சம் ஆன்டிபயாடிக் கலப்பது உலகம் முழுக்க வழக்கமாக இருந்தது. அதனால் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகவும், சுவீடன் 1986-லும் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதுமாக 2006-லும் அதை நிறுத்தின. இந்தியாவில் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்கு வளர்க்கும் பிராணிகளுக்குக் கொடுக்க 2019-ல் தடை வந்தது. மனிதனுக்கு வேறு எதுவும் கேட்காதபோது டாக்டர்கள் கடைசியாக எடுக்கும் மருந்து அது, அதைக் கோழித் தீவனத்தில் கொட்டிக்கொண்டிருந்தோம். காலியான அந்த இடத்துக்குத்தான் புரோபயாடிக், அமிலங்கள், மூலிகை என்று எல்லாரும் முண்டியடிக்கிறார்கள். நம் கடற்கரையில் கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கத்து இறால் பண்ணைக்காரர்களுக்கு இது புதிதில்லை. இறாலில் மருந்து எச்சம் இருந்தால் கன்டெய்னரையே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் அவர்கள் குளத்துக்கு பேசில்லஸ் என்ற பாக்டீரியாவைப் போடுவதில் நம்மைவிட எவ்வளவோ முன்னால் போய்விட்டார்கள். மாட்டுக்காரருக்கு ஒரு சந்தேகம் வந்தால் இறால் குட்டைக்காரரிடம்கூடக் கேட்கலாம், பாக்கெட்டைப் பார்த்ததும் எது சரக்கு, எது சுண்ணாம்பு என்று ஓரளவு சொல்லிவிடுவார்.

பாக்கெட்டில் என்ன பார்க்க வேண்டும்? நுண்ணுயிரின் முழுப் பெயர், கிராமுக்கு எத்தனை உயிருள்ள செல், தயாரித்த தேதி, காலாவதித் தேதி. "நன்மை செய்யும் நுண்ணுயிர்க் கலவை" என்று மட்டும் போட்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கிராமுக்கு நூறு கோடி, ஆயிரம் கோடி என்ற கணக்கில் இருக்க வேண்டும். லாக்டோபேசில்லஸ் சூடு தாங்காது, தகரக் கூரைக் கடையில் சித்திரை வெயிலில் மூன்று மாதம் கிடந்த பாக்கெட்டில் பிணம்தான் இருக்கும். பேசில்லஸ் சப்டிலிஸ், கோயாகுலன்ஸ், லைக்கெனிஃபார்மிஸ் வகைகள் விதை மாதிரி உறைக்குள் இருப்பதால் சூட்டையும், குச்சித் தீவன மெஷினின் கொதிப்பையும் தாண்டிவரும், கோழிக்கு நம் ஊர் நிலைமையில் அதுதான் தோது. ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம், வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் ஒரு கரண்டி போட்டுக் கால்மணி நேரம் வையுங்கள், நுரைத்து எழும்பினால் உயிர் இருக்கிறது. ஒரு விஷயம், ஈஸ்ட் கல்ச்சர் என்று விற்பது பெரும்பாலும் உயிரில்லாத ஈஸ்ட்டும் அது வளர்ந்த சாறும், அது நுரைக்காது, அதற்காக ஏமாற்று என்று சொல்ல முடியாது. பேக்கரி ஈஸ்ட் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இனம் ஒன்றுதான், ஆனால் ரகம் வேறு, ரொட்டி உப்புவதற்காகத் தேர்ந்தெடுத்தது ரூமனில் அதே வேலையைச் செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மாட்டுக்கென்று சோதித்த ரகத்தை வாங்குங்கள்.

வாங்கிவிட்டால் நாலு மாட்டுக்கும் போடாதீர்கள். ஒரே மாதிரி கறக்கும் இரண்டு மாட்டில் ஒன்றுக்கு மட்டும் மூன்று வாரம் போட்டு, இரண்டின் பாலையும் தினம் அளந்து எழுதுங்கள். அப்புறம் மாற்றிப் போடுங்கள். இப்படிச் செய்து பாருங்கள் என்று சொன்னாலே சில கம்பெனி ஆட்கள் அடுத்த முறை உங்கள் தெருப் பக்கம் வரமாட்டார்கள்.

இஎம் பற்றி. ஜப்பானில் ஒகினாவா தீவின் ரியுக்யு பல்கலைக்கழகத்தில் டெருவோ ஹிகா 1980-களில் உருவாக்கிய கலவை, லாக்டிக் பாக்டீரியா, ஈஸ்ட், ஒளிச்சேர்க்கை பாக்டீரியா சேர்ந்தது. ஆரோவில் வட்டாரத்தில் நெடுநாளாகப் புழங்குகிறது. தொழுவ நாற்றத்துக்கும், குப்பை மக்குவதற்கும், கழுவி விடும் தண்ணீருக்கும் தெளியுங்கள், ஆட்சேபணை இல்லை. வெல்லம் போட்டு வீட்டில் பெருக்கிய கரைசலை மாட்டுக்கு உள்ளே கொடுப்பதில்தான் எனக்குத் தயக்கம். பிளாஸ்டிக் கேனில் இரண்டாவது மூன்றாவது முறை பெருக்கும்போது உள்ளே என்ன வளர்ந்திருக்கிறது என்று வாசனையை வைத்துச் சொல்ல முடியாது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் நுண்ணுயிரை வைத்து மாட்டுக்குச் செய்யக்கூடியதில் நம் ஊருக்கு மிகவும் லாபமானது என்று நான் நினைப்பது: சைலேஜ், ஊறுகாய்ப்புல். ஐப்பசி, கார்த்திகை மழையில் வைக்கோல் போர் நனைந்து பூசணம் பிடித்து, வயல் முழுக்கத் தண்ணீர் நின்று, அறுக்கப் புல்லும் இல்லாமல் தவிப்பது நமக்கு வருஷா வருஷம் நடப்பதுதான். பூசண வைக்கோலில் வரும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், பாலிலும் இறங்கும். ஆவணி, புரட்டாசியில் மக்காச்சோளத்தையோ சோளத்தையோ கதிரில் பால் பிடித்து முற்றத் தொடங்கும்போது அறுத்து, அங்குலத் துண்டாக வெட்டி, கையில் பிடித்துக் கசக்கினால் உருண்டை நிற்க வேண்டும், ஆனால் சாறு சொட்டக்கூடாது, அந்த ஈரப்பதத்தில் தடித்த பிளாஸ்டிக் பையிலோ டிரம்மிலோ ஏறி மிதித்து அழுத்திக் காற்றுப் புகாமல் கட்டிவிடுங்கள். கோ 5 புல்லாக இருந்தால் அரை நாள் வாடவிட்டு, 100 கிலோவுக்கு இரண்டு கிலோ வெல்லப்பாகு தெளிக்க வேண்டும், அதில் சர்க்கரை குறைவு. புல்லின் மேலேயே இருக்கும் லாக்டிக் பாக்டீரியாக்கள் சர்க்கரையைப் புளிக்கவைத்து பிஹெச்சை 4 பக்கம் இறக்கிவிடும், பூசணமும் அழுகலும் நின்றுவிடும். லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் சேர்த்த பொடி கிடைத்தால் தெளிக்கலாம், வேகமாகப் புளிக்கும், இல்லாவிட்டாலும் நடக்கும். நாற்பது நாளில் திறந்தால் மஞ்சள் கலந்த பச்சையாக, பழம் புளித்த வாசனையோடு இருக்கும். கறுத்துப்போய் வெண்ணெய் கெட்ட வாடை அடித்தால் அந்தப் பகுதியை எருக்குழியில் போடுங்கள். முதல் வாரம் மாட்டுக்கு இரண்டு மூன்று கிலோவில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டுங்கள், கறந்து முடித்த பிறகு போடுங்கள், முன்னால் போட்டால் பாலில் வாடை ஏறும். திறந்த பையை அன்றன்று எடுத்ததும் மறுபடி இறுக்கிக் கட்டிவிட வேண்டும், பெருச்சாளி ஓட்டை போடாத இடமாகப் பார்த்து வையுங்கள்.